கண்ணுக்குள் ஒரு வில்லை: கல்முனையிலிருந்து மதுரைக்கு

எங்கள் கரையோர மக்களுக்குக் கடல் கடந்த பயணம் புதிதல்ல. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எந்த ஊரில் கேட்டாலும், மார்க்கக் கல்விக்காக வேலூருக்கும் காயல்பட்டினத்துக்கும் போய் வந்த ஆலிம் ஒருவரின் பெயரைச் சொல்வார்கள். கல்முனைக் கடற்கரைப் பள்ளி நாகூரின் பெயரோடு சேர்ந்தது. அந்தக் காலத்தில் நேர்ச்சையோடு நாகூருக்குப் போனவர்களும் அநேகர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகும் இராமேஸ்வரம் தலைமன்னார்க் கப்பல் 1980களின் முற்பகுதி வரை ஓடியது. பிறகு வந்தது வளைகுடாப் பயணம். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. அந்தக் கதை இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை.

இப்போது கண்ணுக்காகப் போகிறார்கள். என் ராத்தாவின் மகளுக்காக அண்மையில் நாங்களும் மதுரைக்குப் போய் வந்தோம். அங்கே எங்களுக்கு எதிர்ப்பட்ட ஒரு கேள்வி நமது குடும்பங்கள் பலவற்றுக்கும் வரக்கூடியது. அதனால்தான் எழுதுகிறேன்.

மருமகள் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இரண்டு கண்ணிலும் மைனஸ் 13 பவர். இதைக் கேட்பவர்கள் “தடித்த கண்ணாடி போட்டால் சரிதானே” என்பார்கள். கணக்குப் பார்த்தால் வேறு மாதிரி. நூறு சென்ரிமீற்றரைப் பதின்மூன்றால் பிரித்தால் எட்டுக்கும் குறைவு. கண்ணாடியைக் கழற்றினால் முகத்துக்கு முன்னால் எட்டுச் சென்ரிமீற்றர் தூரம்தான் அவளுக்குத் தெளிவான உலகம். அதற்கு அப்பால் எல்லாம் புகை.

இது தாய்வழி வந்தது. ராத்தாவுக்கும் ஏறத்தாழ இதே பவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் தண்ணீர் வந்தபோது முதலில் போனது ராத்தாவின் கண்ணாடிதான். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. எதிரே நிற்பது மதிலா, மனிதரா, வருகிற தண்ணீரா என்று தெரியவில்லை. யாரோ ஒருவர் “இந்தப் பக்கம், இந்தப் பக்கம்” என்று சத்தமிட்டிருக்கிறார். அந்தக் குரலை நோக்கி ஓடித்தான் இருவரும் தப்பினார்கள். அந்தப் பிள்ளைதான் இந்த மருமகள். “அழகுக்காகக் கண்ணாடியைக் கழற்றப் பார்க்கிறார்கள்” என்று உறவுக்காரர் சிலர் முணுமுணுத்தபோது ராத்தா ஒரு பதிலும் சொல்லவில்லை. மகளின் சீதன வீட்டுக்கு மேல்தட்டுக் கொங்கிறீட் போட வைத்திருந்த பணத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

கொழும்பில் ஒரு கண் வைத்தியரிடம் காட்டினோம். லேசர் முறை இவளுக்கு ஒத்துவராது என்றார். லேசரால் கண்ணின் முன்புறமுள்ள விழிவெண்படலத்தைச் செதுக்கித்தான் பவரைக் குறைக்கிறார்கள். பவர் கூடக் கூடச் செதுக்க வேண்டியதும் கூடும். இவளுக்கோ படலமே மெல்லியது. ஆகவே, எதையும் செதுக்காமல் கண்ணுக்குள்ளேயே ஒரு வில்லையை வைக்கும் சத்திரசிகிச்சைதான் வழி என்றார். செலவையும் தங்குவதையும் மொழியையும் யோசித்து மதுரை என்று முடிவு செய்தோம். ராத்தா, மருமகள், நான் என மூவர். தாய்மாமன் மஹ்ரம் என்பதால் பயணத்தில் சிக்கல் இல்லை. நோயாளிக்கு மருத்துவ விசா, உடன் செல்பவர்களுக்குத் துணையாள் விசா எனத் தனித்தனியாக எடுக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய்ச் சத்திரசிகிச்சை செய்து வரலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

நாங்கள் புறப்படுகிற செய்தி பரவியதும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, “தம்பி, என்ட கண்ணிலயும் லென்ஸ் வைக்கணும் எண்டாங்க. நானும் வரட்டா?” என்று கேட்டார். அவருக்கு இருந்தது வெண்புரை. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர். வெண்புரையில், வயதினால் மங்கிப்போன நம் சொந்த வில்லையை எடுத்துவிட்டு அதன் இடத்தில் செயற்கை வில்லையை வைக்கிறார்கள். அது நமது அரசாங்க வைத்தியசாலைகளிலேயே நடக்கிறது. அதற்காக நகையை ஈடு வைத்துக் கடல் கடக்க வேண்டியதில்லை. மருமகளுக்குச் செய்தது வேறு. சொந்த வில்லை அப்படியே இருக்கும். அதற்கு முன்னால், கருவிழியில் நிறம் தெரிகிறதே, அந்தத் திரைக்குப் பின்னால் இன்னொரு மெல்லிய வில்லையைச் செருகுகிறார்கள். பெரியம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தி, ஊர் வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டுத்தான் புறப்பட்டோம்.

இரவு பஸ் அம்பாறை, மகியங்கனை தாண்டிக் கண்டிப் பாதையில் பதினெட்டு வளைவு ஏறும்போது நான் யன்னலை மூடிவிட்டேன். ராத்தா தஸ்பீஹை உருட்டியபடி வந்தார். கட்டுநாயக்காவில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மதுரை. கல்முனையிலிருந்து கொழும்புக்கு வந்த இரவு முழுவதையும் நினைத்தால், வெளிநாடுதான் பக்கத்தில் இருக்கிறது!

கோரிப்பாளையத்தில் அறை எடுத்தோம். வைகைப் பாலத்துக்குப் பக்கம். ஹலால் சாப்பாடு தேடி அலைய வேண்டியதில்லை. ஜும்ஆவுக்குக் காஜிமார் தெருப் பெரிய பள்ளிவாசலுக்குப் போனேன். பழைமையான பள்ளி. தொழுகை முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர், “சிலோனா? கண்ணுக்கு வந்தீங்களா?” என்றார். கேள்வியிலேயே விடையும் இருந்தது.

மதுரைக்குக் கண்ணைத் தேடி இத்தனை பேர் வருவதற்குக் காரணம் ஒரு மனிதர். டொக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றபின், 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளமையிலேயே மூட்டுவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகிப் பல்லாயிரம் பேருக்குப் புரை நீக்கியவர். வசதியுள்ளவர் கொடுக்கும் பணத்தில் இல்லாதவருக்கு இலவசம் என்பது அங்கே ஏற்பாடு. அந்நாட்களில் வெளிநாட்டு வில்லை ஒன்று நூறு டொலர் அளவில் விற்றது. 1992இல் அவர்களே ஆரோலேப் என்ற தொழிற்சாலையை நிறுவி அதைப் பத்து டொலருக்கும், பின்னர் அதற்கும் கீழேயும் கொண்டுவந்தார்கள். இன்று அந்த வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன.

நாங்கள் மருமகளைக் காட்டியது மதுரையில் வேறொரு கண் மருத்துவமனையில். பெயரைச் சொல்லவில்லை, விளம்பரமாகிவிடும்.

முதல் நாள் முழுவதும் அளவெடுப்பு. படலத்தின் தடிப்பு, அதன் உட்புறக் கலங்களின் எண்ணிக்கை, கண்ணின் முன்னறை ஆழம், குறுக்களவு என ஒவ்வொன்றுக்கும் ஓர் இயந்திரம். முன்னறை ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் ஆழமாவது இல்லாவிட்டால் வில்லைக்கு இடம் போதாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பவர் ஒரு வருடமாவது மாறாமல் நின்றிருக்க வேண்டும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடுகிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். தமிழ் ஒன்றுதான் என்றாலும் அங்கேயும் இடறியது. “பின்னேரம் வரட்டுமா?” என்று ராத்தா கேட்க, தாதிப் பெண் “பின்னேரம்னா எப்போம்மா?” என்று விழித்தாள். சாயங்காலம் என்று நான் மொழிபெயர்த்தேன்.

மருமகளின் இடது கண்ணில் விழித்திரை ஓரத்தில் ஒரு நலிந்த இடம் தெரிந்தது. முதலில் அதற்கு லேசர் போட்டார்கள். டொக்டர் மருமகளைப் பார்த்துச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “லென்ஸ் வச்சதும் கண் சரியாயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்கம்மா. பார்வைதான் சரியாகும். உங்க கண் நீளமான கண்தான். விழித்திரை கிழியற ஆபத்து அப்படியேதான் இருக்கும். வருஷா வருஷம் காட்டணும்.” பவர் கூடியவர்களின் கண்ணுருண்டை நீண்டிருக்கும், அதனால் உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். வில்லை அதை மாற்றாது. இந்த வில்லையால் கண் அழுத்தம் கூடலாம், சொந்த வில்லையில் முன்கூட்டியே புரை விழலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அதன் பிறகு ஒரு படத்தைக் காட்டி, எந்த வில்லையை வைக்கப்போகிறார் என்று விளக்கினார். நான் கேட்டேன்: “டொக்டர், இது எதனால் செய்தது?”

“கொலாமர் சார். பிளாஸ்டிக் மாதிரி ஒண்ணு. கொஞ்சம் கொலாஜன் கலந்தது. அதனால கண்ணு நல்லா ஏத்துக்கும்.”

“கொலாஜன் எதிலிருந்து எடுத்தது?”

அவர் சற்று நிதானித்தார். உள்ளே போய்க் கையேட்டை எடுத்து வந்து பார்த்தார். “பன்றியிலேருந்து சார். ரொம்பக் கொஞ்சம்தான்” என்றார். மறைக்காமல் சொன்னதற்காக அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பவரையும் விலையையும் கேட்பார்கள், இதை யாரும் கேட்பதில்லை என்றும் சொன்னார். ராத்தாவின் முகம் வெளுத்துவிட்டது.

இந்த வில்லை அமெரிக்க அரசாங்க அங்கீகாரத்தை 2005இல் பெற்றது. உலகெங்கும் ஏராளமான கண்களில் இருக்கிறது. நீண்ட காலம் பார்த்து அறிந்த பொருள் என்ற சிறப்பு அதற்கு உண்டு. இதற்கு மாற்று இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். குஜராத்தின் பரோடாவில் செய்கிறார்கள். அக்ரிலிக் என்ற செயற்கைப் பொருள். கொலாஜன் கலப்பு இல்லை. விலையும் குறைவு. ஆனால் முன்னதைப் போல நீண்ட காலப் பதிவு அதற்குக் கிடையாது, பின்னால் வந்தது என்றார். “நாளைக்குச் சொல்லுங்க” என்று அனுப்பிவிட்டார்.

அன்றிரவு கோரிப்பாளைய அறையில் மூவருக்கும் தூக்கமில்லை. பிள்ளைகளுக்கு வகுப்பில் வரிவரியாக ஓதிக் கொடுத்த பாடம் கண் முன்னே வந்து நின்றது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் தொழுகையின் ஷர்த்துகள் பகுதியில் ஒரு சட்டம் உண்டு. எலும்பு முறிந்தவன் சுத்தமான பொருள் கிடைக்காத நிலையில் நஜீஸான ஒன்றால் எலும்பை இணைத்துக்கொண்டால் அவனுக்கு மன்னிப்பு உண்டு. சுத்தமானது கிடைத்தும் நஜீஸை வைத்தால் எடுத்துவிட வேண்டும். எடுப்பதால் தெளிவான தீங்கு வரும் என்று அஞ்சினால் எடுக்க வேண்டியதில்லை. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் டமஸ்கஸில் எழுதிய சட்டம். கண்ணுக்குள் வில்லை வைப்பதை இமாமவர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் கேள்வி அதற்குள் அப்படியே இருந்தது.

அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தியும் நினைவுக்கு வந்தது. போரில் மூக்கை இழந்த அந்த ஸஹாபி முதலில் வெள்ளியால் மூக்குச் செய்து வைத்தார்கள். அது துர்நாற்றம் கொடுத்தபோதுதான் நபி (ஸல்) அவர்கள் பொன்னால் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன்! அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவான ஹதீஸ் இது. உறுப்பைச் சீர்செய்வது படைப்பை மாற்றுவதாகாது என்பதற்கும் இதிலே ஆதாரம் இருக்கிறது. ஆகுமான பொருள் சரிவராதபோதுதான் மற்றதற்கு இடம் என்ற ஒழுங்கும் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. ஒரு பொருள் தன் இயல்பை முற்றாக இழந்து வேறொன்றாகிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்பது ஹனபி, மாலிகி மத்ஹபுகளில் பரந்த இடமுள்ள கருத்து. 1995இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பின் கருத்தரங்கு இந்த அடிப்படையில் ஜெலட்டினை ஆகுமென்றது. அதற்கு முன் 1986இல் ஜித்தாவின் ஃபிக்ஹ் அகடமி, பன்றி ஜெலட்டினை உணவில் சேர்க்கக் கூடாதென்று தீர்மானித்திருந்தது. நமது ஷாஃபிஈ மத்ஹபில் அந்த மாற்றத்துக்கு இடம் மிகக் குறைவு. எனக்கு ஓதித் தந்த உஸ்தாத் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மாற்று இருக்கெண்டு டொக்டரே சொல்றாரே, பிறகென்ன யோசனை?” என்றார்.

ஆனால் கண் மருமகளுடையது. புதிய பொருளின் குறைந்த பதிவைச் சுமக்கப் போகிறவள் அவள்தான். பத்வாவை நான் சொல்லிவிட்டுப் போகலாம். பார்க்க வேண்டியது அவள். சுபஹுக்குப் பிறகு இரண்டையும் முன்னால் வைத்து, “மகள், நீதான் சொல்லணும்” என்றேன். “மாமா, அந்த அக்ரிலிக் சரிவராதெண்டு டொக்டர் சொல்லல்லையே. புதிசு எண்டுதானே சொன்னார். எனக்கு அது போதும்” என்றாள். நான் எதிர்பார்த்ததைவிட அவள் தெளிவாக இருந்தாள்.

வில்லை அளவுக்கேற்பச் செய்து வர வேண்டும் என்பதால் ஊர் திரும்பி, சில வாரங்கள் கழித்து மீண்டும் போனோம். சத்திரசிகிச்சை கண் ஒன்றுக்கு அரை மணி நேரம்கூட இல்லை. சொட்டு மருந்திலேயே மரக்கச் செய்து, 3 மில்லிமீற்றர் அளவு கீறல் வழியே மடித்த வில்லையைச் செலுத்துகிறார்கள். அது உள்ளே போய் மெதுவாக விரிகிறது. தையல் இல்லை. ஒரு கண் முடிந்து இரண்டு நாள் கழித்து அடுத்த கண்.

கண்ணுக்குள் அந்நியப் பொருளை வைக்கும் துணிவு மனிதனுக்கு எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானிகளின் கண்களில் விமானக் கூரையின் பேர்ஸ்பெக்ஸ் துண்டுகள் தெறித்துத் தங்கிவிட்டன. ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர், கண் அவற்றை எதிர்க்காமல் பொறுத்துக்கொள்வதைக் கவனித்தார். 1949 நவம்பரில் லண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் அதே வகைப் பொருளால் செய்த வில்லையை முதன்முதலாக ஒரு புரைநோயாளிக்கு வைத்தார். சக வைத்தியர்கள் பல வருடங்கள் அவரை ஏசினார்கள். சொந்த வில்லையை எடுக்காமலே அதன் முன்னால் இன்னொன்றை வைக்கும் இன்றைய முறைக்கு 1986இல் வழி திறந்தவர் ரஷ்யாவின் பியொதரோவ். இவர்களுக்கெல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுத்ததை எழுதி வைத்திருக்கிறார். பார்வை கண்ணிலிருந்து புறப்படும் கதிரல்ல, பொருளிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி என்று இப்னுல் ஹைஸம் நிறுவியதும் அதே காலம், அதே நாடு.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு வந்தவை சிறிய கேள்விகள். ஆனால் பெண்கள் இவற்றைத்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். டொக்டர் சொன்ன நாட்கள் வரை கண்ணில் தண்ணீர் படக்கூடாது. அப்படியானால் வுழூவில் முகத்தின் மற்றப் பகுதியைக் கவனமாகக் கழுவிக்கொண்டு, கழுவாமல் விட்ட இடத்துக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். குனிய வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஸுஜூதுக்குச் சைகை போதும். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கண்ணில் நீர் இறங்கியபோது, சில நாட்கள் வழமைபோல் தொழாமல் படுத்திருந்தால் குணமாக்கலாம் என்று வைத்தியர் சொல்ல, அவர்கள் மறுத்துவிட்டதாகக் கிதாபுகளில் வருகிறது. அது அவர்களின் பேணுதல். ஆனால், நம்பகமான வைத்தியர் சொன்னால் படுத்துத் தொழலாம் என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் மிகச் சரியான சொல் என்று நவவி (ரஹ்) ரவ்ழாவில் எழுதியுள்ளார்கள். மருமகள் ஒரு வாரம் கதிரையில் அமர்ந்து தொழுதாள்.

முதல் கட்டு அவிழ்த்த காலையில் அவள் பார்த்தது மேலே சுற்றும் விசிறியை. “உம்மா, அதுக்கு மூணு தகடு” என்றாள். ராத்தா அழுதுவிட்டார். இரவில் தெரு விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று சொன்னாள். வில்லையின் நடுவிலுள்ள சிறு துளையால் அப்படி இருக்கும், பெரும்பாலும் போகப்போகக் குறையும் என்றார்கள். இப்போது குறைந்திருக்கிறது, முற்றாகப் போகவில்லை.

ஏற்கெனவே கொலாமர் வில்லை வைத்துக்கொண்டவர்கள் இதைப் படித்துக் கலங்கிவிடக் கூடாது. தெரியாமல் வைத்தவர், வேறு வழியில்லாமல் வைத்தவர் ஆகியோரின் நிலை வேறு. கண்ணைத் திறந்து அதை எடுப்பது ஆபத்தில்லாத காரியமல்ல. மேலே சொன்ன மின்ஹாஜின் சட்டமே அவர்களுக்கு விசாலத்தைத் தருகிறது. உங்கள் ஊர் ஆலிமிடமோ ஜம்இய்யத்துல் உலமாவிடமோ கேளுங்கள். கேட்பதற்கு முன் வில்லையின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பெயர் ஓர் அட்டையில் இருக்கும். சத்திரசிகிச்சை முடிந்ததும் வில்லையின் வகை, பவர், அளவு, தொடர் இலக்கம் எழுதிய சிறு அட்டை ஒன்றைத் தருவார்கள். பலர் அதை மருந்துச் சிட்டைகளோடு எறிந்துவிடுகிறார்கள். நாற்பது வருடத்துக்குப் பிறகு மருமகளுக்கு வெண்புரை வந்தால், கல்முனையிலோ வேறெங்கோ அவளைப் பார்க்கப்போகும் வைத்தியருக்கு, உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று அந்த அட்டைதான் சொல்லும். ராத்தா அதைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, வீட்டு உறுதியோடு சேர்த்து வைத்திருக்கிறார்.